கூர்ஸ்க் வானத்துக்கு எந்த நிறம்? சோவியத் குட்டி விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி

கேள்வி இதுதான்: 1/200 அளவில் நான்கு யாக்-1, நான்கு லா-5 (இரண்டும் எதிரி விமானங்களோடு மோதும் போர் விமானங்கள்), இரண்டு இல்-2 (தரையைத் தாக்கும் விமானம்) வாங்கியிருக்கிறீர்கள். சோவியத்தும் ஜெர்மனியும் மோதிய 1943 கூர்ஸ்க் சண்டையை மேசையில் விளையாட்டாக ஆடப் போகிறீர்கள். பெட்டி மேல் உள்ள படத்தில் விமானம் இரண்டு விதச் சாம்பலில் இருக்கிறது. பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்த படங்களிலோ பச்சையும் கருப்புமாக இருக்கிறது. எது சரி? காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாமல் சாதாரண பிரஷ்ஷிலேயே ஒழுங்காக அடிக்க முடியுமா?

பச்சை-கருப்பு அடியுங்கள், வயிற்றுப் பக்கம் வெளிர் நீலம். பிரஷ் தாராளமாகப் போதும்.

இனி காரணத்துக்கு வருகிறேன். சோவியத் விமானம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி பச்சை சரியான பச்சை?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. உங்கள் சண்டை எந்த மாதம், எந்த வருடம்? விமானத்தின் மேல்தோல் மரமா, உலோகமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டப்பாவில் உள்ள பச்சை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மேசையில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

முதலில் தேதி. 1941 கோடையில் ஜெர்மனி படையெடுத்த சமயத்தில் சோவியத் விமானங்களுக்கு உருமறைப்பாக வந்தது மேலே பச்சையும் கருப்பும், கீழே வெளிர் நீலமும். மரத்துக்கும் துணிக்கும் அடித்த மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் வரிசைக்கு ஏஎம்டி என்று பெயர். ஏஎம்டி-4 பச்சை, ஏஎம்டி-6 கருப்பு, ஏஎம்டி-7 வெளிர் நீலம். உலோகப் பரப்புக்கு ஏ-24எம், ஏ-26எம், ஏ-28எம் என்று எண்ணெய் அடிப்படையிலான தனி வரிசை இருந்தது. நிறம் கிட்டத்தட்ட அதேதான். போர் விமானங்களை ஏஎம்டி-11 நீலச் சாம்பல், ஏஎம்டி-12 கருஞ்சாம்பல் என்று இரண்டு சாம்பலுக்கு மாற்றச் சொன்ன ஆணை 1943 ஜூலை 3 அன்று வந்தது. கூர்ஸ்க் சண்டை தொடங்கியது ஜூலை 5.

நடுவே இரண்டே நாள். சரடோவ் தொழிற்சாலையிலிருந்து யாக்-1 வெளியே வந்து, ரெஜிமென்டுக்குப் போய்ச் சேர்ந்து, விமானிகள் பழகி, முன்னணிக்கு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஜூலை முதல் வாரத்தில் கூர்ஸ்க் மேலே பறந்த போர் விமானங்கள் அதற்கு முந்தைய மாதங்களில் கட்டப்பட்டவை. அதனால் உங்கள் மேசைக்கு வரும் யாக்கும் லாவும் பச்சை-கருப்பாகத்தான் இருக்க வேண்டும். சாம்பல் ஜோடி 1943 இலையுதிர் காலத்திலிருந்து பெருகி, 1944-45 இல் எங்கும் நிறைந்தது. பெட்டிப் படம் வரைபவர்களுக்கு அந்தக் கடைசிக் காலத்து விமானங்கள்தான் பிடிக்கும். சிவப்பு மூக்கும், வெள்ளைக் கரை போட்ட பெரிய நட்சத்திரமும் பார்க்க நன்றாகத்தானே இருக்கும்.

பெரிய விமானிகளின் விமானங்களிலும் இதே பொறி உண்டு. இவான் கோஷெதுப் 62 விமானங்களை வீழ்த்தியவர். அவருடைய முதல் வெற்றியே கூர்ஸ்க்கில், 1943 ஜூலை 6 அன்று. அதனால் அவருடைய விமானத்தை மேசையில் வைக்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் எல்லா டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) தாளிலும் கிடைக்கும் அந்த வெள்ளை 27, மாஸ்கோவுக்கு வெளியே மோனினோ அருங்காட்சியகத்தில் நிற்கும் லா-7. அது போரின் கடைசிக் கட்டத்து விமானம். கூர்ஸ்க்கில் அவர் ஓட்டியது லா-5. அந்த 27-ஐ உங்கள் லா-5 மேல் ஒட்டினால் விவரம் தெரிந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆட்டம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார்.

பச்சை-கருப்பைத் தேர்ந்தெடுக்க வரலாறு மட்டும் காரணமில்லை. எதிரில் வரும் ஜெர்மன் விமானங்களான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஜியும் ஃபோக்-வுல்ஃப் 190-உம் ஏற்கனவே சாம்பல் மேல் சாம்பல். நீங்களும் சாம்பலில் அடித்துவிட்டால், மேசையின் அந்தப் பக்கம் நிற்பவருக்கு எது யாருடையது என்று தெரியாது. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். ஜெர்மன்காரர்கள் கிழக்கு முன்னணியில் உடம்பைச் சுற்றி மஞ்சள் பட்டையும் இறக்கை நுனியின் அடியில் மஞ்சளும் போட்டதே சொந்த ஆட்கள் சுட்டுவிடக் கூடாது என்றுதான். கூர்ஸ்க்கை ஆடுபவருக்கு வரலாறும் வசதியும் ஒரே பக்கம் நிற்கின்றன. 1944 பெலாருஸ் சண்டையை ஆடுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் குட்டி விமானத்தைத் தாங்கி நிற்கும் குச்சியின் அடித்தட்டில் நிறம் அடித்துத்தான் சமாளிக்க வேண்டும்.

இப்போது மரமா, உலோகமா என்ற கதை. பெயின்ட் அடிப்பவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது.

போர்க்காலத்தில் சோவியத்திடம் அலுமினியம் பற்றாக்குறை, மரம் ஏராளம். லா-5 இன் உடம்பும் இறக்கையும் மரம். என்ஜின் மூடிதான் உலோகம். யாக்-1 இன் இறக்கை ஒரே துண்டாகச் செய்த மரச் சட்டம், மேலே பிளைவுட், அதன் மேல் துணி ஒட்டிப் பெயின்ட். உடம்பின் முன்பாதியில் கழற்றி மாட்டும் உலோகத் தகடுகள். பின்பாதி எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. இல்-2 இல் என்ஜினையும் விமானியையும் சுற்றி எஃகுக் கவசம், அதற்குப் பின்னால் வால் வரைக்கும் மரம். அந்தக் காலகட்டத்தில் கட்டிய பல இல்-2 களுக்கு இறக்கையின் வெளிப்பகுதியும் மரம்தான்.

அதனால் என்ன? சிறிய விமானத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்ததும் நம் கை தானாகக் கரிய வாஷை (தண்ணீராக நீர்த்த பெயின்டை) எடுத்து இறக்கைக் கோடுகளில் எல்லாம் ஓட விடும். அப்புறம் வெள்ளிப் பெயின்டைத் தொட்டு இறக்கை விளிம்பில் கீறல் போடும். முழு உலோக விமானத்துக்கு அது சரி. லா-5 இன் இறக்கையில் தகடு இணையும் கோடே கிடையாது, அது வழவழப்பான மரப் பரப்பு. அங்கே வெள்ளிக் கீறல் விழுந்தால் அடியில் இல்லாத அலுமினியம் எப்படித் தெரியும்? அச்சில் வார்த்தவர் இறக்கை முழுக்கக் கோடு போட்டு வைத்திருந்தால்கூட, அவற்றைக் கெட்டியான ப்ரைமரால் கொஞ்சம் நிரப்பிவிடுங்கள். வாஷை எய்லரான், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதிகள்) இணையும் இடங்களிலும், என்ஜின் மூடியிலும், இல்-2 இன் கவச விளிம்புகளிலும் மட்டும் விடுங்கள். வெள்ளிக் கீறல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் என்ஜின் மூடியில் இரண்டு புள்ளி, உந்தியின் (புரொப்பல்லர்) மூக்குக் கூம்பில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். கைநிறைய வாஷ் ஊற்றி மகிழ வேண்டும் என்றால் ஒரு பெ-2 குண்டுவீச்சு விமானம் வாங்கிக்கொள்ளுங்கள். அது முழு உலோகம்.

யாக்கின் பின்னுடம்பு இதற்கு நேர்மாறு. துணிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் குச்சிகள் மெல்லிய மேடுகளாகத் தெரியும். பச்சையோடு கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து, பிரஷ்ஷைக் காகிதத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் குறுக்காக லேசாக உரசுங்கள். முன்னுடம்பில் இதைச் செய்யாதீர்கள். முன்னால் தகடு, பின்னால் துணி என்ற வித்தியாசம் 50 மில்லிமீட்டர் அகல விமானத்தில்கூடக் கண்ணுக்குத் தெரியும். (யாக்-1 இன் இறக்கை விரிவு 10 மீட்டர், 1/200 இல் சரியாக 50 மி.மீ. இல்-2 க்கு 14.6 மீட்டர், அதாவது 73 மி.மீ.)

சரி, வேலைக்கு வருவோம். வார்ப்பு உலோக விமானம் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அச்சு எண்ணெய் இருந்தால் ப்ரைமர் உரிந்து வரும். இறக்கை விளிம்பில் பிசிர் இருந்தால் நகம் தேய்க்கும் அரமே போதும். உந்தியின் அலகுகளை வெட்டிவிடுவது என் பழக்கம். பறக்கும் விமானத்தில் அலகு தெரியாது, அதோடு ஆட்டத்தில் முதலில் முறிவதும் அதுதான். வயிற்றில் தாங்கிக்கான துளையில் ஒரு டூத்பிக்கைச் செருகி, அதைப் பாட்டில் மூடியில் ஒட்டிக்கொண்டால் விமானத்தைத் தொடாமலே எல்லாப் பக்கமும் அடிக்கலாம். வெளிர் சாம்பல் ப்ரைமர் நல்லது. கருப்பு ப்ரைமர் மேல் அந்த நீலத்தை ஏற்றுவது வீண் பாடு.

நீலத்தை முதலில் அடியுங்கள். சோவியத் நீலம் ஜெர்மன் வயிற்று நிறத்தைவிட நன்றாகவே நீலமாக இருக்கும். ஜெர்மன்காரருடையது நீலம் கலந்த வெளிர் சாம்பல். இது வானம் தெளிந்த நாளின் நீலம். பெயின்டைப் பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு இரண்டு தடவை. அப்புறம் மேலே முழுக்கப் பச்சை. ஏஎம்டி-4 கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த ஆலிவ் பச்சை. எந்தக் கம்பெனியின் ஆலிவ் பச்சையையும் எடுத்துத் துளி மஞ்சளும் துளி வெள்ளையும் சேர்த்தால் போதும். நிஜ விமானத்தின் நிறத்தை அப்படியே சிறிய விமானத்தில் அடித்தால் இருட்டாகத் தெரியும், அதனால்தான் வெள்ளை. பச்சையும் நீலமும் சந்திக்கும் கோடு உடம்பின் பக்கவாட்டில் கீழே தள்ளி, லேசாக வளைந்து ஓட வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்காதீர்கள்.

அடுத்தது கருப்பு. டப்பாவிலிருந்து நேரே எடுக்காதீர்கள். கருப்பு இரண்டு பங்கு, நடுத்தரச் சாம்பல் ஒரு பங்கு. சுத்தக் கருப்பு அடித்தால் அந்த இடத்தில் விமானத்துக்கு ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும், இறக்கையின் வடிவமே தொலைந்துபோகும். கருப்புப் பட்டைகள் அகலமானவை, வளைந்தவை. ஒவ்வொரு இறக்கையிலும் ஓரிரண்டு, உடம்பின் குறுக்கே இரண்டு மூன்று, வாலில் கொஞ்சம். சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்துவிடாதீர்கள்.

ஓரங்கள் மங்கலாக இருக்க வேண்டாமா, அதற்கு ஏர்பிரஷ் வேண்டாமா என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் ஸ்ப்ரே அடித்த ஓரம் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 1/200 இல் அது அரை மில்லிமீட்டர். கொஞ்சம் நடுங்கும் கையால் பிரஷ் போட்ட ஓரமே அவ்வளவு இருக்கும். மேசையில் எழுந்து நின்று பார்ப்பவருக்கு அது கூர்மையா மங்கலா என்று தெரியவே தெரியாது. ஏர்பிரஷ் வாங்கும் காசுக்கு ஜெர்மன் பக்கம் ஸ்டூகா குண்டுவீச்சு விமான அணி ஒன்றையே வாங்கலாம்.

இன்னொரு நிம்மதியான செய்தி: நான்கு யாக்குக்கும் ஒரே மாதிரிப் பட்டை போடலாம். சரடோவில் கட்டிய யாக்குகள் ஒரே வார்ப்புருவைப் பின்பற்றி அடிக்கப்பட்டதால் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. கோர்க்கியில் கட்டிய லா-5 களும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒன்றில் சரியாக வந்ததை மற்ற மூன்றிலும் பார்த்துப் போடுங்கள்; கை வித்தியாசமே போதுமான வித்தியாசம்.

நட்சத்திரங்கள். 1943 இல் மேல் இறக்கையில் நட்சத்திரம் கிடையாது. டெக்கல் தாளில் இருக்கிறதே என்று ஒட்டிவிடாதீர்கள். உடம்பின் இரு பக்கம், வாலின் இரு பக்கம், இறக்கையின் அடியில் இரண்டு, மொத்தம் ஆறு. வெள்ளைக் கரை வைத்த நட்சத்திரம் அந்த வருடத்தில்தான் பரவியது. கூர்ஸ்க்கில் கரை இல்லாததும், மெல்லிய கருப்புக் கரை உள்ளதும், வெள்ளைக் கரை உள்ளதும் கலந்தே பறந்திருக்கும். நான் சொல்வது: யாக் அணிக்கு வெறும் சிவப்பு, லா அணிக்கு வெள்ளைக் கரை. தூரத்திலிருந்தே இரண்டு அணியையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

80 செ.மீ. நட்சத்திரம் என்றால் 1/200 இல் 4 மி.மீ. இதைக் கையால் போட முடியாது என்றில்லை, ஆனால் பத்து விமானத்துக்கு அறுபது நட்சத்திரம். டெக்கலே நல்லது. ஒட்டும் இடத்தில் முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். மேட் பரப்பில் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, ஓரத்தில் வெள்ளி மாதிரி மினுங்கும். டெக்கலை மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் வளைவில் படிந்துகொள்ளும். அது சுருங்கும்போது பதறித் தொடாதீர்கள், தானாகவே மட்டமாகும். கையால்தான் போடுவேன் என்றால், கரை வேண்டுமோ வேண்டாமோ, முதலில் வெளிர் ரோஸ் அல்லது வெள்ளையில் நட்சத்திரம் போட்டு அதன் மேல் சிவப்பு. பச்சை மேல் நேரடியாகச் சிவப்பு போட்டால் பழுப்புதான் மிஞ்சும்.

எண்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு இலக்கம், வெள்ளையிலோ மஞ்சளிலோ. ஜெர்மன், பிரிட்டிஷ் விமானங்களில் உள்ள மாதிரி எழுத்துக் குறியீடு கிடையாது. எண் எங்கே, என்ன நிறம் என்பதற்கு எல்லா ரெஜிமென்டுக்கும் பொதுவான ஒரே விதியும் கிடையாது, அதனால் ஆட்டத்துக்கு எது வசதியோ அப்படி வைத்துக்கொள்ளலாம். சோவியத் போர் விமானங்கள் அப்போது ஜோடியாகவும், இரண்டு ஜோடி சேர்ந்து நான்காகவும் பறந்தன. உங்களிடமும் நான்கு நான்காக இருக்கிறது. ஒவ்வொரு நான்கிலும் தலைவனுக்கு மூக்குக் கூம்பைச் சிவப்பாக்குங்கள், இரண்டாவது ஜோடியின் தலைவனுக்கு வெள்ளை. நால்வரில் யார் யார் என்று தாளில் தேட வேண்டியிருக்காது. "தாய்நாட்டுக்காக" போன்ற முழக்கங்கள் நிஜத்தில் சில விமானங்களில்தான் இருந்தன. இந்த அளவில் எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரே ஒரு விமானத்தில் வெள்ளையில் நாலு கிறுக்கல் போட்டால் முழக்கம் ஆகிவிடும்.

கண்ணாடிக் கூண்டுக்குக் கருநீலச் சாம்பல் அடித்து, முன் மேல் மூலையில் வெளிர் நீலம் ஒரு தீற்று, அதற்குள் வெள்ளைப் புள்ளி ஒன்று. சட்டங்களை உடம்புப் பச்சையால் இழுங்கள். இல்-2 வில் பின்னால் பார்த்து உட்கார்ந்த துப்பாக்கி வீரர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். 1942 கடைசியிலிருந்து இரண்டு இருக்கை வகைதான் அதிகம் வந்தது. விமானிக்குக் கவசம், பின்னால் இருப்பவர் கவசத்துக்கு வெளியே. அவருக்குப் பழுப்புத் தலைக்கவசமும் தோல் நிறத்தில் ஒரு புள்ளி முகமும் வைத்துவிடுங்கள். எதிரி விமானம் பின்னால் வந்து நிற்கும்போது எல்லார் கண்ணும் அந்தப் புள்ளியில்தான் இருக்கும்.

அழுக்கு கொஞ்சமாக. லா-5 இல் என்ஜின் மூடியின் பின்விளிம்பிலிருந்து உடம்பின் இரு பக்கமும் புகைக் கரி வழியும். இல்-2 இல் புகைபோக்கிகளுக்குப் பின்னால், இறக்கை உடம்போடு சேரும் இடத்தின் மேலாக. கரும்பழுப்பைச் சிறு ஸ்பாஞ்சுத் துண்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. ஜூலை மாதம், மண் ஓடுதளம் என்பதால் வயிற்றிலும் இறக்கை அடியிலும் கொஞ்சம் புழுதி நிறம் போட்டால் பொருத்தம். குளிர்கால வெள்ளை இந்த ஆட்டத்துக்கு வேண்டாம். எம்கே-7 என்ற அந்த வெள்ளை, குளிர் முடிந்ததும் கழுவி எடுக்கும் தற்காலிகப் பெயின்ட். ஸ்டாலின்கிராட் ஆடும்போது பேசிக்கொள்ளலாம்.

கடைசிப் பூச்சு மேட் வார்னிஷ். ஸ்ப்ரே டப்பா என்றால் மழை நாளிலும் ஈரக் காற்றிலும் அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். சந்தேகமாக இருந்தால் பிரஷ்ஷால் அடிக்கும் வார்னிஷே பாதுகாப்பு. கண்ணாடிக் கூண்டில் மட்டும் கடைசியாகக் கிளாஸ் ஒரு தொடுகை.

வேலையை இல்-2 வில் தொடங்குங்கள். பெரியது, கவசமும் மரமும் இரண்டும் உள்ளது, கை பழகிவிடும். பச்சைக் கலவையை மூடி உள்ள சிறு டப்பாவில் அதிகமாகவே கலந்து வையுங்கள். லா-5 வரைக்கும் அதே பச்சை வேண்டும், நடுவில் தீர்ந்துபோனால் மறுபடி அதே நிறம் வராது. யாக் நான்கையும் ஒரே சமயத்தில் வரிசையாக வைத்து அடிப்பதுதான் நல்லது: நான்குக்கும் நீலம், பிறகு நான்குக்கும் பச்சை, பிறகு கருப்பு. நான்காவது விமானத்தில் அடித்து முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும்.